டிக்கியைத் திற என்றால் திறக்கத்தான் வேண்டுமா?

தலவாக்கலைப் பக்கம் வேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பர் 27ஆம் திகதி இரவு, சிவனொளிபாதமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது மலை ஏறும் வீதியில் ஓரிடத்தில் மறித்திருக்கிறார்கள். லைசன்ஸ், இன்ஷூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் சரியாக இருந்திருக்கின்றன. "போகலாமா சேர்?" என்று கேட்டதும், "டிக்கியைத் திற" என்றார்களாம். யூடியூபில் பார்த்த ஞாபகத்தில் "எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்ல நினைத்து, வாய் வராமல் திறந்துவிட்டிருக்கிறார். பயணிகளின் பைகளைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சிங்களத்தில் எழுதிய ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். "நான் மறுத்திருக்கலாமா அண்ணே? கையெழுத்துப் போட்டது பிழையா?" என்பது கேள்வி.

மலையக நீதவான் நீதிமன்றங்களில் இருபது வருடத்துக்கு மேல் ஆஜராகி வருகிறேன். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை, சிவனொளிபாதமலை சீசன் காலத்தில் வாரத்துக்கு ஒன்று. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் தம்பி: "சம்மதம் இல்லை" என்ற அந்த வசனம் நம் நாட்டில் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் திறந்தது பிழையில்லை. திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், திறந்த பிறகு நின்ற இடத்தை மாற்றியிருக்கலாம். கையெழுத்துக் கதை வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

யூடியூபில் நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோ. அங்கே அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. நியாயமில்லாத சோதனையிலிருந்து மக்களைக் காப்பதற்கென்றே எழுதியது. அப்படியிருந்தும், வாகனத்துக்கு 1925ஆம் ஆண்டிலேயே ஒரு விலக்கு வந்துவிட்டது: குற்றப் பொருள் இருக்கிறது என்று நம்பப் போதிய காரணம் இருந்தால் பிடியாணை இல்லாமலே காரைத் தேடலாம் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் இல்லாத பொலிஸ்காரருக்குத்தான் சாரதியின் சம்மதம் தேவைப்படுகிறது. 1973இல் இன்னொரு தீர்ப்பு: சாரதி தானாக விரும்பிச் சம்மதித்தால் போதும், "நீ மறுக்கலாம்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை பொலிஸுக்கு இல்லை. அதனால்தான் அங்கே மக்களே அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு சொல்கிறார்கள். சொன்னாலும் பொலிஸ் நிற்காமல் போகலாம். ஆனால் பிறகு நீதிமன்றத்தில், "சம்மதமும் இல்லை, காரணமும் இல்லை" என்று காட்டிவிட்டால், கிடைத்த பொருளையே சாட்சியமாக எடுக்க முடியாது. மாநில நீதிமன்றங்களுக்கும் அந்த விதியை 1961இல் கட்டாயமாக்கினார்கள். ஆக, அந்த வசனம் வீதிக்காகச் சொல்வது இல்லை, வழக்குக்காகச் சொல்வது.

இங்கே அந்த வழக்கு நடக்காது. நம் அரசியலமைப்பில் காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது என்று 13ஆம் உறுப்புரை இருக்கிறது. சித்திரவதை கூடாது என்று 11, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று 12, நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரத்துக்கு 14. சோதனையிடுவதைப் பற்றி அமெரிக்காவில் இருப்பதுபோல் ஒரு தனி உறுப்புரை இல்லை. சாட்சியச் சட்டமும் வேறு பாதையில் வந்தது. 1955இல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு கென்ய வழக்கை நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்தோம். அவசரகாலம். சைக்கிளில் போன ஒரு மனிதரை வீதித்தடையில் மறிக்கிறார்கள். சோதனையிட ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட அதிகாரிக்குத்தான் அதிகாரம். சோதித்தவர்களோ அதற்குக் கீழே. இரண்டு தோட்டாக்கள் இருந்தன என்று சொன்னார்கள். மரண தண்டனை. மேன்முறையீட்டில், சோதனை சட்டப்படி நடந்ததா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, சாட்சியம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். சம்பந்தப்பட்டதென்றால் எடுக்கலாம் என்றார்கள். நியாயத்துக்கு மாறாக இருந்தால் நீதிபதி விலக்கலாம் என்று ஒரு சிறு கதவை மட்டும் விட்டுவைத்தார்கள். பிரிவி கவுன்சில் அப்போது நமக்கும் மேல் நீதிமன்றம்தான். இலங்கை நீதிமன்றங்களும் பொதுவாக அந்த வழியிலேயே நடந்திருக்கின்றன. எனவே டிக்கியில் கஞ்சா இருந்தால், "அனுமதி கேட்காமல் திறந்தார்கள்" என்ற வாதத்தை மட்டும் நம்பி விடுதலையாகலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் பொலிஸ் நினைத்தபடி எல்லாம் திறக்கலாமா? அதுவும் கிடையாது. இங்கேதான் விசயம் கொஞ்சம் நுணுக்கமானது. காக்கிச் சட்டை ஒன்றுதான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் சட்டங்கள் வேறு வேறு. எந்தச் சட்டத்தில் நின்றுகொண்டு உங்களை மறித்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, அவர் எவ்வளவு தூரம் கை நீட்டலாம் என்பது மாறும்.

போக்குவரத்துச் சட்டத்தை எடுங்கள், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். சீருடையில் இருக்கும் பொலிஸ் கை காட்டினால் நிறுத்தத்தான் வேண்டும். இதில் வாதமே வேண்டாம். நிறுத்தாமல் போன வண்டிகள் மீது சுட்ட சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்தே இருக்கின்றன. பத்திரங்களைக் காட்ட வேண்டும். ஊதச் சொன்னால் ஊத வேண்டும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் என்பது எல்லை. ஊத மறுப்பது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். டயர், பிரேக், லைட் பார்ப்பதும் அந்தச் சட்டத்துக்குள்தான். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்ததை மலையகத்தில் மறந்தவர் இல்லை. அதற்குப் பிறகு ஒருவர் டயரைக் குனிந்து பார்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கெல்லாம் உங்கள் மீது எந்தச் சந்தேகமும் தேவையில்லை, உங்கள் சம்மதமும் தேவையில்லை. ஆனால் இது வண்டியைப் பார்க்கும் அதிகாரம். பயணியின் பையைத் திறந்து உள்ளாடையைக் கொட்டுவது டயர் பார்ப்பதில் சேராது.

பொருளைத் தேடும் அதிகாரம் வேறு சட்டங்களிலிருந்து வருகிறது. போதைப்பொருளுக்கு நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். கசிப்புக்கும் சட்டவிரோதச் சாராயத்துக்கும் 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டம், இதில் மதுவரித் திணைக்கள அதிகாரிகளும் வருவார்கள். பொதுவான குற்றங்களுக்கு 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. இவற்றில் பொதுவாக ஓடும் நூல் ஒன்றுதான்: நம்பகமான தகவல், அல்லது நியாயமான சந்தேகம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தையே பாருங்கள். 1979இன் 48ஆம் இலக்கச் சட்டம், எவ்வளவு கடுமையானது என்று சொல்லத் தேவையில்லை. அதன் 6ஆம் பிரிவு வாகனத்தை மறித்துச் சோதிக்க அதிகாரம் கொடுக்கிறது. அதுகூட பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவருக்கு. அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த, உப பொலிஸ் பரிசோதகருக்குக் குறையாதவருக்கு. கான்ஸ்டபிள் ஒருவர் "பயங்கரவாதச் சட்டத்தில் பார்க்கிறேன்" என்று டோர்ச்சை அடித்தால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அவசரகாலச் சட்டம் அமுலில் இருக்கும் காலம் வேறு கணக்கு. அப்போதைய ஒழுங்குவிதிகளைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

நியாயமான சந்தேகம் என்றால் என்ன? 1951இலேயே நீதியரசர் கிரேஷன் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டார், பொலிஸ்காரரின் மனதில் ஒரு மங்கலான எண்ணம் தோன்றினால் போதாது, சந்தேகப்படுவதற்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்று. 1994இல் சன்ன பீரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அதையே இன்னும் விரித்துச் சொன்னது. இரண்டுமே கைதைப் பற்றிய தீர்ப்புகள்தான், ஆனால் சந்தேகத்தை அளக்க நமக்கு இருக்கும் அளவுகோல் அதுதான். வீதியில் அது எப்படி இருக்கும்? கஞ்சா வாடை மூக்கில் அடித்தால் அது சந்தேகம். மோப்ப நாய் உங்கள் சீட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தால் அது சந்தேகம். இன்ன இலக்க வேனில் வருகிறது என்று தகவல் கிடைத்திருந்தால் அது சந்தேகம். அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருப்பது சந்தேகமில்லை. சிங்களம் தடுமாறுவது சந்தேகமில்லை. "கை நடுங்கியது, ஆகவே சோதித்தோம்" என்று ஒருமுறை அறிக்கையில் எழுதியிருந்தார்கள். ஜனவரி மாத இரவு, நுவரெலியா வீதி. கை நடுங்காதவர் யார் என்று நான் கேட்டதற்கு, சாட்சிக் கூண்டில் நின்ற பொலிஸ் சார்ஜன்டே சிரித்துவிட்டார்.

சீசன் காலச் சோதனையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை ஹற்றன் வழியாகவும் கினிகத்தேனை வழியாகவும் நல்லதண்ணிக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். யாத்திரை என்ற பெயரில் போதைப்பொருளோடு வந்து பிடிபடும் இளைஞர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். செய்தியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் வரிசையாக எல்லா வண்டியையும் மறித்து நாயை விடுகிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியாகச் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால், சட்டப்படி அந்த நிலம் அவ்வளவு கெட்டி இல்லை என்பது என் கருத்து. ஆனால் எல்லோரையும் ஒரேமாதிரி, பத்து நிமிடத்துக்குள், மரியாதையாகப் பார்த்து அனுப்பினால் எந்த நீதிமன்றமும் அதைப் பெரிதாக எடுக்காது. பிரச்சினை தொடங்குவது, பத்து வண்டியில் இரண்டை மட்டும் ஓரம் கட்டும்போது. யார் அந்த இரண்டு என்பதில்தான் 12ஆம் உறுப்புரை வருகிறது. ஹோட்டன் சமவெளி வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் பொலித்தீன் இருக்கிறதா என்று எல்லோருடைய பையையும் பார்க்கிறார்களே, அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. எல்லோருக்கும் ஒன்று என்பதால்தான்.

மலையகத்துக்கென்றே சில சோதனைகள் உண்டு. கழிவுத் தேயிலைக்குத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். மரத்துக்கு அனுமதி, மாடு ஏற்றினால் அதற்கு அனுமதி. மாணிக்கக் கல் விவகாரம் இருக்கிறது. இந்தச் சட்டங்களில் சாரதிகள் கவனிக்காத ஒன்று, வண்டியே பறிமுதலாகலாம். மரம் ஏற்றிப் பிடிபட்ட லொறியை வனச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம். வேறொருவர் உரிமையாளர் என்றால், குற்றம் நடக்காமல் தடுக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவர்தான் காட்ட வேண்டும். வாடகை லொறி ஓட்டுபவர்கள் "மேலே நாலு மூட்டை விறகுதானே" என்று ஏற்றிக்கொள்ளும் முன் இதை யோசியுங்கள்.

ஒரு லீக்ஸ் லொறிக் கதையைச் சொல்கிறேன். கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் லொறி. விடியும் முன் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் விலை. மழை இரவு. வீதியில் மறித்து, மூட்டைகளுக்கு அடியில் கழிவுத் தேயிலை இருப்பதாகத் தகவல் என்று சொல்லி, ஒவ்வொரு மூட்டையாக இறக்கச் சொன்னார்கள். சாரதியும் கிளீனரும் இறக்கினார்கள். தார்ப்பாயை விரிக்க விடவில்லை. ஈரத் தரையில் அவிழ்த்துப் போட்ட லீக்ஸ் விடியும்போது சேறு. கரட் தப்பியது, கழுவினால் சரி. ஒன்றும் கிடைக்கவில்லை. "போ" என்றார்கள். தம்புள்ளையில் அந்த லீக்ஸைப் பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. தோட்டக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சாரதிதான். அவர் என்னிடம் வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு மறித்தார்கள், யார் மறித்தது, என்ன தகவல் என்று சொன்னார்கள்?" அவருக்கு நேரம் தெரியவில்லை. பெயர் தெரியவில்லை. படம் ஒன்றுகூட இல்லை. நிறைய அழுகை இருந்தது. அழுகையை மனுவில் இணைக்க முடியாது.

அதே வீதியில் இன்னொரு சாரதி செய்ததைப் பாருங்கள். மறித்ததும் இஞ்சினை நிறுத்தி, உள் லைட்டைப் போட்டார். போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிற்கும் தாங்கியில் ஓடிக்கொண்டிருந்தது, நேரமும் இடமும் அதில் பதிவாகின. டிக்கியைத் திற என்றதும், "ஹேதுவ மொகக்த சேர்?" என்றார். காரணம் என்ன சேர் என்பதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தகவல் வந்திருக்கிறது என்றார்கள். "சரி சேர், நானே திறக்கிறேன், நானும் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லி இறங்கித் தானே திறந்தார். அவர்கள் கையை உள்ளே விடும் முன், "சேர், பைகளைச் சொந்தக்காரர்களே இறக்கட்டும்" என்றார். பயணிகள் ஆளாளுக்குத் தங்கள் பையை எடுத்து, தாங்களே திறந்து காட்டினார்கள். ஏழு நிமிடத்தில் முடிந்தது. அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காரணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார், கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்களுக்கும் நான் சொல்வது அதையே. நம் நாட்டில் சாரதியின் பலம் சம்மதத்தில் இல்லை, கேள்வியிலும் கண்ணிலும் இருக்கிறது. நீங்கள் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நாலு பேர் தேடினால், "டிக்கியில் இருந்தது" என்ற அவர்களுடைய சொல்லுக்கு எதிராக உங்களிடம் எதுவும் இல்லை. "கொண்டுவந்து வைத்துப் பிடித்தார்கள்" என்று நீதிமன்றத்தில் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை, எல்லோரும் உண்மை சொல்வதும் இல்லை. நீதவானுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவது பக்கத்தில் நின்றவரின் கண்தான். ஏதாவது அகப்பட்டுவிட்டால், அது எங்கே இருந்தது, யார் எடுத்தார், எந்த இடத்தில் எடை பார்த்தார்கள், உங்கள் முன்னால் முத்திரை வைத்தார்களா என்பதைக் கவனியுங்கள். இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகும் பொதியும் வீதியில் எடுத்த பொதியும் ஒன்றுதானா என்பதில்தான் பாதி வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

"மறுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வாயால் "காரணம் சொல்லாமல் பார்ப்பதை நான் ஏற்கவில்லை சேர், ஆனால் தடுக்க மாட்டேன்" என்று சொல்லலாம். மரியாதையாகச் சொன்னால் அதுவும் ஒரு பதிவு. "பாருங்க சேர், தாராளமாப் பாருங்க" என்று நீங்களே அழைத்துவிட்டால், நாளைக்கு முறைப்பாடு செய்யும்போது அந்தத் தாராளம் குறுக்கே வந்து நிற்கும். ஆனால் டிக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது, சாவியைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு நடப்பது, கையைத் தட்டிவிடுவது எதுவும் வேண்டாம். அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு என்று தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றம் இருக்கிறது. ஒன்றுமில்லாத வண்டி அந்த இரண்டு நிமிடத்தில் வழக்குள்ள வண்டியாகிவிடும். சட்டத்தரணியான புதிதில் நானே ஒரு வீதித்தடையில் சட்டம் பேசி, மழையில் ஒரு மணித்தியாலம் நின்றேன். பேசியது எல்லாம் சரி. நனைந்ததும் சரி. அடுத்த நாள் என்னுடைய கட்சிக்காரர் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாமல் நின்றார், ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்.

பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் காத்து. இது சட்டக்கோவையில் எழுதியிருக்கும் விதி. உங்கள் வேனில் பெண்கள் இருந்து, பெண் பொலிஸ் இல்லை என்றால், "பெண் அதிகாரி வரும் வரை காத்திருக்கிறோம்" என்று சொல்வதற்கு நீங்கள் தயங்க வேண்டாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். போனைத் திறந்து காட்டச் சொன்னால்? போக்குவரத்துச் சட்டத்தில் போனுக்குள் போக வழி இல்லை. கணினிக் குற்றங்கள் பற்றிய 2007இன் சட்டம்கூட அவசர நிலை தவிர நீதவானின் ஆணையைத்தான் கேட்கிறது. வட்ஸ்அப்பைக் காட்டு என்றால், "ஆணை இருந்தால் காட்டுகிறேன் சேர்" என்று சொல்லுங்கள். சாதாரண உடையில் வருபவர்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். உண்மையான அதிகாரி காட்டுவார்.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுப்பவருக்கும் குற்றம் உண்டு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பஸ்காரர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்று தெரியும்.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். வீதியில் உங்கள் முன் நீட்டும் தாள் மூன்று வகை. ஒன்று, தண்டப்பத்திரம். நம் ஆட்கள் "தட கொல" என்பார்கள். அதில் என்ன குற்றம், எவ்வளவு என்று இருக்கும். லைசன்ஸை எடுத்துக்கொண்டு அதைத் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டிவிட்டு லைசன்ஸை எடுக்கலாம். குற்றத்தை ஏற்கவில்லை என்றால் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டாவது, சோதனைச் சாவடிப் பதிவுப் புத்தகம். வாகன இலக்கம், சாரதி பெயர், நேரம். உங்களுக்கு நீட்டியது பெரும்பாலும் இதுதான். அதில் கையெழுத்துப் போட்டது ஆபத்தில்லை, உண்மையில் உங்களுக்கு நல்லது. அந்த இரவு, அந்த நேரம், அந்த இடத்தில் உங்களை மறித்தார்கள் என்பதற்கு அவர்களுடைய கையாலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மூன்றாவது, வாக்குமூலம். இதுதான் கவனிக்க வேண்டியது. பொலிஸ் எழுதும் வாக்குமூலத்தை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். சேர்க்க, திருத்த உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்கு வாசித்துக் காட்டவில்லை" என்று தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை அழித்தாலும் அழித்தது தெரியும்.

தமிழில் எழுதலாமா என்று தயங்காதீர்கள். தமிழும் அரச கருமமொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. நடைமுறையில் பல நிலையங்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அது உங்கள் குறை இல்லை. வயதான சாரதிகள் சிலர் பொலிஸைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டுவதைப் பார்க்கிறேன். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போய்வந்த தலைமுறை அது. பிறந்த இடம் ஹற்றன் என்று இருந்தாலும் பெயரைப் பார்த்து இறக்கிவைத்த காலம். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் யுக்திய நடவடிக்கையைத் தொடங்கியபோது, அவர்களில் ஒருவர் என்னிடம், "திரும்ப அதே மாதிரி வருமா ஐயா?" என்று கேட்டார். ஐம்பத்தெட்டு வயது, முச்சக்கர வண்டி, வாழ்க்கையில் ஒரு தண்டப்பத்திரம்கூட வாங்காதவர்.

சாரதிகள் கேட்க மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பார்சல். மலையகத்தில் வேன்காரர் என்றால் பாதித் தபால்காரர். கொழும்புக் கோட்டையிலிருந்து மகன் அனுப்பும் மருந்து, தோட்டத்திலிருந்து அம்மா அனுப்பும் கருவாட்டுக் குழம்பு, எல்லாம் உங்கள் டாஷ்போர்ட்டிலும் சீட்டுக்குக் கீழும்தான். போதைப்பொருள் வழக்கில் பொருள் உங்கள் வசம் இருந்ததா என்பதோடு, அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதும் கேள்வி. ஆனால் தெரியாது என்பதை நம்பவைக்கும் வரை விளக்கமறியலில் இருக்கப்போவது நீங்கள். ஒட்டிய பெட்டியை வாங்காதீர்கள். "அக்கா, என் முன்னால திறந்து கட்டுங்க" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெட்டியின் மேல் அனுப்புபவர் பெயரையும் போன் இலக்கத்தையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லி, கொடுக்கும் நேரம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் டிசம்பர் 27. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், 126ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது, போனில் 1996. ஆனால் நேராகச் சொல்கிறேன், உங்கள் விசயம் கொழும்பு வரை செலவழித்துப் போகும் அளவு இல்லை. அடிக்கவில்லை, பிடித்து வைக்கவில்லை, பொருள் எதுவும் போகவில்லை. பயணிகளின் பையைக் கொட்டியது மரியாதைக் குறைவு, அதற்கு ஒரு கடிதம் போதும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொலிஸ் அத்தியட்சகருக்கு ஒரு பிரதி, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி. திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், எத்தனை பேர், என்ன காரணம் சொன்னார்கள் அல்லது சொல்லவில்லை. கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். அந்தப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும் பக்கத்தின் பிரதியை 2016இன் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம், அதற்கு விண்ணப்பம் தனியாக. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, ரசீதை லைசன்ஸ் உறைக்குள் மடித்து வையுங்கள்.